கண்ணாடி வீட்டுக் கலைஞர்

நுழையும்முன்

விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களின் பழைய வீடுகளில் கூடத்துச் சுவரை அண்ணாந்து பார்த்தால், மரச்சட்டமிட்ட ஒளிப்படங்கள் வரிசையாகத் தொங்குவதைக் காணலாம். நாற்காலியில் விறைப்பாக அமர்ந்திருக்கும் பாட்டனாரும் அருகில் நிற்கும் பாட்டியாரும் சிரிப்பதில்லை. கண் இமைப்பதாகவும் தோன்றுவதில்லை. அந்த அசைவின்மைக்கு ஒரு வரலாறு உண்டு. ஒரு முகத்தைத் தாளில் பதிப்பதற்குப் படம் எடுப்பவரும் எடுக்கப்படுபவரும் பெரும்பாடுபட்ட காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் நாற்பத்தெட்டு வயதுக்கு மேல் இக்கலையைக் கற்றுக்கொண்டு, உலகின் தலைசிறந்த உருவப்படக் கலைஞர்களுள் ஒருவராக உயர்ந்த பெண்மணியின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பிறப்பும் இளமையும்

ஜூலியா மார்கரெட் 1815ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் பேட்டில், கிழக்கிந்தியக் கம்பெனியின் உயர் அலுவலர். தாயார் பிரெஞ்சு மரபினர். தாய்வழிப் பாட்டனாரும் பாட்டியாரும் மணம் செய்துகொண்டது, விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் அண்மையிலுள்ள புதுச்சேரியில் ஆகும். இங்கிலாந்தின் கலை வரலாற்றில் இடம்பெற்ற இவருடைய குடும்பக்கதையின் ஓர் இழை நம் கடற்கரையிலிருந்து தொடங்குகிறது என்பது குறிப்பிடத்தக்கது.

இளமைக் கல்வியைப் பிரான்சு நாட்டில் பாட்டியாரின் அரவணைப்பில் பெற்ற ஜூலியா, 1834இல் இந்தியாவுக்குத் திரும்பினார். அவருடைய உடன்பிறந்த சகோதரியர் அழகுக்குப் பெயர்பெற்றவர்கள். ஜூலியாவோ அழகியெனப் பெயர் பெறவில்லை. அறிவாலும் பேச்சாலும் அடங்காத ஊக்கத்தாலும் தனித்து விளங்கினார்.

1836இல் உடல்நலம் தேறுவதற்காகத் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குச் சென்றபோது, அவருடைய வாழ்வின் போக்கை மாற்றிய இருவரை அங்குச் சந்தித்தார். ஒருவர் வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷல். மற்றொருவர் சட்ட அறிஞர் சார்லஸ் ஹே கேமரன். ஜூலியாவைவிட இருபது வயது மூத்தவரான கேமரன், இந்தியச் சட்ட ஆணையத்தில் மெக்காலேயுடன் பணியாற்றியவர். அதற்கு முன்பே இலங்கையின் ஆட்சிமுறைச் சீர்திருத்தத்துக்கான ஆணையத்திலும் இடம்பெற்றவர். 1838இல் கல்கத்தாவில் அவரை மணந்த ஜூலியா, ஜூலியா மார்கரெட் கேமரன் ஆனார்.

கல்கத்தாவில் வாழ்ந்த ஆண்டுகளில் குடும்பப் பொறுப்போடு பொதுப்பணியிலும் அவர் ஈடுபட்டார். அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து மக்கள் பஞ்சத்தில் வாடியபோது, அவர்களுக்காக இந்தியாவில் நன்கொடை திரட்டி அனுப்பினார்.

அறிஞர் தந்த அறிமுகம்

ஒளிப்படக்கலை 1839ஆம் ஆண்டில்தான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அக்கலையின் வளர்ச்சியில் ஹெர்ஷலின் பங்கு பெரிது. ஒளிபட்டுக் கறுக்கும் வெள்ளி உப்புகளைக் கரைத்து நீக்கும் ஆற்றல் ஹைப்போ என்னும் வேதிப்பொருளுக்கு உண்டு என்பதை 1819லேயே கண்டறிந்தவர் அவர். இக்கண்டுபிடிப்பு இல்லையேல், எடுத்த படம் வெளிச்சத்தில் வைத்தவுடனே மேலும் மேலும் கறுத்து மறைந்துபோகும். படத்தை நிலைபெறச் செய்யும் வழியைக் காட்டிய ஹெர்ஷல், 1842இல் தொடக்ககால ஒளிப்பட மாதிரிகள் சிலவற்றைக் கல்கத்தாவிலிருந்த ஜூலியாவுக்கு அனுப்பிவைத்தார். அவற்றைக் கண்டு அவர் வியந்தார். எனினும் தாமே படம் எடுக்கும் வாய்ப்பு வாய்க்க இன்னும் இருபத்தோராண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

1848இல் கேமரன் குடும்பம் இங்கிலாந்தில் குடியேறியது. பின்னர் 1860இல் ஒயிட் தீவின் பிரஷ்வாட்டர் என்னும் கடலோரச் சிற்றூரில் வீடு வாங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் புகழ்பெற்ற கவிஞர் டென்னிசன். இலங்கை மலைநாட்டில் தங்களுக்கிருந்த காப்பித் தோட்டத்தின் பெயரையே அவ்வீட்டுக்கு இட்டனர். தம் குழந்தைகளோடு, பெற்றோரை இழந்த உறவுக் குழந்தைகளையும் ஜூலியா அங்கே வளர்த்தார்.

மகள் தந்த பரிசு

1863ஆம் ஆண்டின் இறுதியில், கணவர் தோட்டங்களைப் பார்வையிட இலங்கைக்குச் சென்றிருந்தார். பிள்ளைகள் பலரும் வெளியூர்களில் இருந்தனர். தாயின் தனிமையை உணர்ந்த மகள், தம் கணவருடன் சேர்ந்து ஒரு படக்கருவியைப் பரிசாக அளித்தார். தனிமையில் பொழுதுபோக்க உதவும் என்றுதான் மகள் எண்ணினார். அதனைப் பெற்ற தாயோ அதையே தம் வாழ்க்கைப் பணியாக ஆக்கிக்கொண்டார். அப்போது ஜூலியாவுக்கு வயது நாற்பத்தெட்டு. கற்பிக்க ஆசிரியர் எவரும் இல்லை. நிலக்கரி வைத்திருந்த அறை இருட்டறை ஆயிற்று. கண்ணாடி வேய்ந்த கோழிக்கூடு படப்பிடிப்பு அறையாக மாறியது. கோழிகள் இடம்பெயர்ந்த அந்தக் கண்ணாடி வீட்டுக்குக் கவிஞர்களும் அறிஞர்களும் வந்து அமரத் தொடங்கினர்.

முதல் முயற்சிகள் தோல்வியில் முடிந்தன. ஊரிலிருந்த உழவர் ஒருவருக்கு மணிக்கணக்கில் கூலி கொடுத்து அமரச் செய்து படம் எடுத்தார். உருவம் நன்கு பதிந்திருந்தது. மகிழ்ச்சி மிகுதியில் கண்ணாடித் தட்டின் ஈரமான பக்கத்தின் மீது கையை வைத்துவிட, உருவம் முழுவதும் அழிந்துபோயிற்று. இவ்வாறு தட்டுகள் பல வீணாயின. 1864ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள், ஆனி பில்பாட் என்னும் சிறுமியை எடுத்த படமே தம் முதல் வெற்றி என ஜூலியா குறித்துவைத்தார். அன்று அடைந்த களிப்பில் சிறுமிக்குப் பரிசு தர வீடெங்கும் தேடினார். அன்றே அப்படத்தை அச்சிட்டுச் சட்டமிட்டுச் சிறுமியின் தந்தையாரிடம் சேர்ப்பித்தார்.

ஈரத்தட்டு முறை

அக்காலத்துப் படமெடுப்பு இன்றுபோல் ஒரு பொத்தானை அழுத்துவதோடு முடிவதன்று. 1851இல் பிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்பவர் கண்டறிந்த ஈரக் கொலோடியன் முறையே அப்போது வழக்கிலிருந்தது. அதன் ஒவ்வொரு படியும் கைத்திறனும் பொறுமையும் வேண்டுவதாகும்.

முதலில் கண்ணாடித் தட்டைத் தூசியும் விரல்ரேகையும் இல்லாதவாறு துடைத்து மெருகேற்ற வேண்டும். வெடிபஞ்சை ஈதரிலும் சாராயத்திலும் கரைத்து, அயோடைடு உப்புச் சேர்த்த பசைபோன்ற நீர்மமே கொலோடியன். அதனைத் தட்டின் நடுவில் ஊற்றி, ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு ஓடும்படி தட்டைச் சாய்த்துச் சாய்த்து, எங்கும் ஒரே சீராகப் படரச் செய்ய வேண்டும். கை சற்றே நடுங்கினாலும் அலையலையாகக் கோடுகள் விழும். பின்னர் இருட்டறையில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் தட்டை மூழ்கவைப்பர். அப்போதுதான் அது ஒளியை உணரும் தன்மையைப் பெறும். இத்தட்டு நீல ஒளியை மிகுதியாகவும் சிவப்பு, மஞ்சள் ஒளியை மிகக் குறைவாகவும் உணரும். ஆகவே மஞ்சள் வெளிச்சத்தில் இருட்டறைப் பணிகளைச் செய்ய முடிந்தது.

கரைசல் சொட்டும் தட்டை மூடுபெட்டியில் வைத்துப் படக்கருவிக்குக் கொண்டுசென்று, வில்லையின் மூடியை அகற்றிப் படம் எடுக்க வேண்டும். எடுத்தவுடன் மீண்டும் இருட்டறைக்கு ஓடி, உருத்துலக்கும் கரைசலை ஊற்ற வேண்டும். தட்டு உலர்ந்துவிட்டால் உருவம் தோன்றாது. ஆகவே தட்டைப் பூசியதிலிருந்து உருவத்தைத் துலக்குவது வரை எல்லாப் பணிகளும் ஏறத்தாழப் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் முடிந்தாக வேண்டும். அதன்பின் எஞ்சிய வெள்ளி உப்பைக் கரைத்து நீக்க, கொடிய நஞ்சாகிய பொட்டாசியம் சயனைடு கரைசலை ஜூலியா பயன்படுத்தினார். வாளி வாளியாகக் கிணற்றுநீர் இறைத்துத் தட்டைக் கழுவுவதும், உலர்த்துவதும், சூடேற்றி வார்னிஷ் பூசுவதும் இறுதிப் படிகள். சூடு மிகுந்தால் தட்டு வெடிக்கும்.

இவ்வளவும் செய்து கிடைப்பது, ஒளி இருளாகவும் இருள் ஒளியாகவும் தோன்றும் எதிர்ப்படி மட்டுமே. முட்டையின் வெண்கரு பூசிய தாளை வெள்ளிக் கரைசலில் நனைத்து உலர்த்தி, எதிர்ப்படியின் கீழ் வைத்து வெயிலில் காட்டினால் நேர்ப்படி பதியும். அதன் நிறத்தைப் பொன் உப்புக் கரைசலால் செம்மை செய்து, மீண்டும் நிலைப்படுத்தி, நெடுநேரம் கழுவ வேண்டும். வெயில் இல்லாத நாளில் அச்சுப்பணி இல்லை. இங்கிலாந்து போன்ற மேகமூட்டம் மிகுந்த நாட்டில் இது பெரும் இடையூறாகும்.

வெள்ளி நைட்ரேட் பட்ட இடமெல்லாம் கறுக்கும். ஜூலியாவின் விரல்களும் ஆடைகளும் வீட்டின் மேசைவிரிப்புகளும் கறைபடிந்தன. கறைபடிந்த கைகளோடும் மருந்து மணம் வீசும் ஆடையோடும் அவர் விருந்தினர்முன் தோன்றுவார். செல்வர் வீட்டுப் பெண்கள் தம் கைகளால் உழைப்பதை இழிவெனக் கருதிய காலத்தில், அக்கறைகளைப் பற்றி அவர் கவலைகொள்ளவில்லை.

அமர்ந்தோரின் உழைப்பு

படம் எடுப்பவர்க்கு மட்டுமன்று, எடுக்கப்படுபவர்க்கும் அது கடும் உழைப்பே. ஜூலியா முதலில் பயன்படுத்திய தட்டு பதினோரங்குல நீளமும் ஒன்பதங்குல அகலமும் உடையது. 1866 முதல் பதினைந்தங்குல நீளமும் பன்னிரண்டங்குல அகலமும் கொண்ட பெரிய தட்டுகளைக் கையாண்டார். பிறர் சிறு அட்டைகளில் முழு உருவத்தை எடுத்துவந்த நாளில், அவர் முகத்தை மட்டும் அணுகி, ஏறத்தாழ இயல்பான அளவிலேயே பதித்தார். பெருமளவு வெளிச்சத்தைத் தடுத்து, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஒளி விழச்செய்தார். இதனால் மூன்று நிமிடம் முதல் ஏழு நிமிடம் வரை அசையாமல் அமர்ந்திருக்க வேண்டியிருந்தது. தலை அசையாதிருக்கப் பிற நிலையங்களில் பயன்படுத்திய இரும்புக் கவ்வியை அவர் விரும்பவில்லை. ஆகவே இமைப்பும் மூச்சும் மெல்லிய மங்கலாகப் படத்தில் படிந்தன.

இவ்வாறு அமர்ந்தவர்கள் இருவகையினர். டென்னிசன், கார்லைல், பிரௌனிங், சார்லஸ் டார்வின் முதலிய சான்றோர் ஒருவகை. 1867இல் தம் ஆசான் ஹெர்ஷலின் இல்லத்துக்கே படக்கருவியைக் கொண்டுசென்று, முதுமை படர்ந்த அவர் முகத்தைப் பதிவுசெய்தார். தலைமுடியை முன்னதாகக் கழுவச் செய்தமையால், வெண்ணிற முடி ஒளிவட்டம்போல் விரிந்து அப்படத்தில் தோன்றுகிறது. ஒளிப்பட வரலாற்றின் சிறந்த உருவப்படங்களுள் ஒன்றாக அது இன்றும் போற்றப்படுகிறது.

மற்றொரு வகையினர், வீட்டுப் பணிப்பெண்களும் ஊர்க்குழந்தைகளும் ஆவர். மேரி ஹில்லியர் என்னும் பணிப்பெண், வீட்டுவேலைகளுக்கிடையே கன்னி மரியாளின் கோலத்தில் எண்ணற்ற படங்களுக்கு அமர்ந்தார். மேரி ரயன் என்னும் ஏழைச் சிறுமி, தாயுடன் இரந்து வாழ்ந்தவர். ஜூலியாவின் வீட்டில் சேர்ந்து வளர்ந்தவர். கண்காட்சியில் அவருடைய படத்தைக் கண்ட ஹென்றி காட்டன் என்னும் இளைஞர், அவரை விரும்பி 1867இல் மணந்துகொண்டார். அந்தக் காட்டன் கும்பகோணத்தில் பிறந்தவர். இந்திய ஆட்சிப் பணியில் உயர்ந்து, 1904இல் பம்பாயில் கூடிய இந்திய தேசிய காங்கிரசுக்குத் தலைமை ஏற்றவர்.

தெரியுமா?

ஜூலியா படக்கருவியைக் கையில் எடுப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே, சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக லின்னேயஸ் ட்ரைப் என்னும் படைத்தலைவர் தமிழகத்தில் பணியாற்றினார். மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், புதுக்கோட்டை முதலிய ஊர்களைக் கண்ணாடித் தட்டுகளிலும் மெழுகுத்தாள்களிலும் பதிவுசெய்தார். தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளைத் தொடர்ச்சியாகப் படமெடுத்து, 21 அச்சுப்படிகளை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள சுருளாக உருவாக்கினார்.

எதிர்ப்பும் ஏற்பும்

1864ஆம் ஆண்டிலேயே இலண்டன் ஒளிப்படக் கழகத்தில் ஜூலியா உறுப்பினரானார். ஆனால் துறை வல்லுநர்கள் அவருடைய படங்களைக் கடுமையாகக் குறைகூறினர். உருவம் கூர்மையாக இல்லை, தட்டில் கீறலும் புள்ளியும் கைரேகையும் காணப்படுகின்றன, கலையின் அடிப்படையையே அவர் கற்கவில்லை என்பன அவர்கள் சொன்ன குறைகள். இக்குறைகளில் ஒரு பகுதி உண்மையே. சில பிழைகள் பழக்கமின்மையால் நேர்ந்தன. ஆனால் மங்கல் முழுவதும் பிழையன்று. உருவம் தமக்கு அழகாகத் தோன்றும் நிலையிலேயே வில்லையைத் திருகுவதை அவர் நிறுத்திக்கொண்டார். ஆடையின் ஒவ்வோர் இழையும் தெரியவேண்டும் என்பது வல்லுநர்களின் கருத்து. முகத்தின் வழியே மனம் தெரியவேண்டும் என்பது அவருடைய கொள்கை.

ஓவியர்களும் கவிஞர்களும் அவருடைய பக்கம் நின்றனர். பெர்லின் கண்காட்சியில் அவர் பதக்கம் பெற்றார். 1865இல் தென் கென்சிங்டன் அருங்காட்சியகம் அவருடைய படங்களை விலைகொடுத்து வாங்கியது. 1868இல் தன் கட்டடத்திலேயே இரண்டு அறைகளைப் படப்பிடிப்புக்காக அவருக்கு ஒதுக்கித் தந்தது.

எனினும் பொருள்நிலை தேறவில்லை. 1869ஆம் ஆண்டில் இலங்கைக் காப்பிச் செடிகளில் இலைத்துரு என்னும் பூஞ்சைநோய் தோன்றிப் பரவத் தொடங்கியது. தோட்ட வருவாயை நம்பியிருந்த குடும்பம் தளர்ந்தது. படங்களை விற்றுக் குடும்பத்துக்கு உதவலாம் என ஜூலியா நம்பினார். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படங்களுக்குக் காப்புரிமை பதிவுசெய்தார். ஆனால் வேதிப்பொருள்களின் விலையும் வீணாகும் தட்டுகளின் செலவும் வருவாயை விழுங்கின. அதே காலத்தில் அருமையாகப் பாதுகாத்த எதிர்ப்படிகள் பலவற்றில் பூச்சு வெடித்து, தேன்கூடுபோல் விரிசல் பரவிற்று. அவற்றை ஒளிப்படக் கழகத்துக்கு எடுத்துச்சென்று காரணம் கேட்டார். கடற்காற்றின் ஈரமும் பூச்சின் குறையும் காரணமாகலாம் எனக் கருதப்பட்டது. இழந்த முகங்களை மீட்க வழியில்லை.

1873இல் அதனினும் பெரிய இழப்பு நேர்ந்தது. பத்தாண்டுகளுக்கு முன் படக்கருவியைப் பரிசளித்த மகள் மகப்பேற்றின்போது மறைந்தார். அத்துயருக்கிடையிலும் 1874இல் தம் கலைவாழ்வின் நினைவுகளை எழுதத் தொடங்கினார். அந்நூல் முற்றுப்பெறவில்லை. அவர் மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின்னரே அச்சேறியது.

இலங்கையில் இறுதி ஆண்டுகள்

1875இல் கேமரன் தம்பதியர் இலங்கைக்குப் புறப்பட்டனர். அங்கே வாழ்க்கைச்செலவு குறைவு. பிள்ளைகள் சிலரும் அங்கிருந்தனர். அறுபது வயது மனைவியும் எண்பது வயதுக் கணவரும் ஒரு பசுவையும் இரு சவப்பெட்டிகளையும் தம்முடன் கொண்டுசென்றனர். இறுதிப் பயணத்துக்கான பெட்டியைத் தாங்களே சுமந்து கடல்கடந்த அவர்கள், திரும்பிவரும் எண்ணத்தோடு செல்லவில்லை என்பது இதனால் விளங்கும்.

களுத்துறையில் கடலோரமாக அமைந்த மகன் வீட்டிலும் மலைநாட்டுத் தோட்டங்களிலும் அவர்கள் மாறிமாறி வாழ்ந்தனர். அங்கும் ஜூலியா படக்கருவியை விடவில்லை. ஆனால் சூழல் அவருக்கு எதிராக இருந்தது. வெப்பத்தில் ஈதர் விரைந்து ஆவியாகும். தட்டு விரைந்து உலரும். வேதிப்பொருள்கள் கப்பலில் வரவேண்டும். தூய நீர் போதிய அளவில் கிடைப்பது அரிது. இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவானவையே.

1877இல் அவர் இல்லத்தில் தங்கிய தாவர ஓவியர் மரியான் நார்த், அவருடைய ஊக்கத்தை வியந்து எழுதியுள்ளார். கடும் வெயிலில் கம்பளித் துணியைப் போர்த்தி, தலைக்குப் பின்னால் தென்னங்கீற்றை வைத்து நார்த்தைப் படமெடுத்தார் ஜூலியா. ஒருவரின் முதுகின் கட்டமைப்பைக் கண்டு மகிழ்ந்து, படமெடுப்பதற்காகவே அவரைத் தோட்டக்காரராக வேலைக்கு வைக்கும்படி மகனை வற்புறுத்தினார். வீட்டுக்கோ தோட்டமே இல்லை.

அவருடைய இலங்கைப் படங்களில் தமிழரும் சிங்களரும் இடம்பெற்றனர். அவர்களுட் சிலர் தோட்டங்களில் உழைத்தோர். தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து கங்காணிகளால் திரட்டப்பட்டு, கடல்கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே நெடுந்தொலைவு நடந்து மலையேறியவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். வழியில் நோயுற்று மாண்டவர் பலர். ஜூலியா இலங்கையில் வாழ்ந்த 1876 முதல் 1878 வரையிலான ஆண்டுகளில்தான் சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. பசிக்கு அஞ்சித் தோட்டங்களை நாடிச் சென்றோர் தொகை அப்போது பெருகிற்று. அதே பஞ்சத்தில் எலும்பும் தோலுமான மக்களை ஹூப்பர் என்னும் படை அலுவலர் சென்னை மாகாணத்தில் படமெடுத்தார். பஞ்சத்தின் கொடுமையை உலகுக்குக் காட்டியவை அப்படங்கள். ஆனால் அமர்ந்தோரின் துயரை மட்டுமே அவை காட்டின. ஜூலியாவின் படங்களிலோ உழைக்கும் பெண் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு, படக்கருவியை நேராக நோக்கி, தளராமல் நிற்கிறார். டென்னிசனுக்கும் ஹெர்ஷலுக்கும் அளித்த அதே நெருக்கத்தையும் அதே ஒளியையும் அவர்களுக்கும் அவர் அளித்தார்.

ஒரு வேறுபாடு மட்டும் எஞ்சியது. இங்கிலாந்தில் எடுத்த படங்களின் அடியில் அறிஞரின் பெயரும் பணிப்பெண்ணின் பெயரும் அறியப்படுகின்றன. இலங்கைப் படங்கள் பலவற்றின் அடியில் ஊரும் இனமும் மட்டுமே உள்ளன, பெயர் இல்லை. ஏழு நிமிடம் மூச்சடக்கி நின்றவரும் அப்படத்தை ஆக்கியதில் பங்குடையவரே. அவர் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை. தோட்ட உரிமையாளர் குடும்பத்துப் பெண்மணி அழைத்தபோது மறுக்கும் நிலையில் அவர்கள் இருந்தனரா என்பதும் சிந்திக்கத்தக்கது. ஜூலியாவின் கலையைப் போற்றும்போது இக்குறையையும் மறவாமல் நோக்குவதே நேர்மையான வரலாற்றுப் பார்வையாகும்.

மறைவும் புகழும்

1878இல் ஒருமுறை இங்கிலாந்து சென்று திரும்பிய ஜூலியா, நோயுற்று 1879ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் டிக்கோயாப் பகுதித் தோட்டமொன்றில் இயற்கை எய்தினார். மலைநாட்டின் பொகவந்தலாவையில் உள்ள சிறிய தேவாலயத்தின் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அடுத்த ஆண்டில் கணவரும் மறைந்தார். தமிழ்த் தொழிலாளர்கள் தேயிலை பறிக்கும் மலைச்சரிவுகளுக்கிடையே அவர்களுடைய கல்லறை உள்ளது.

அவர் மறைந்தபின் சிலகாலம் உலகம் அவரை மறந்திருந்தது. 1926இல் அவருடைய சகோதரியின் பெயர்த்தியும் புகழ்பெற்ற எழுத்தாளருமான வர்ஜீனியா வுல்ப், அவருடைய படங்களைத் தொகுத்து வெளியிடத் துணைநின்றார். அதன்பின் அவருடைய பெருமை படிப்படியாக உணரப்பட்டது. அன்று குறையெனச் சுட்டப்பட்ட மங்கலும் அணுக்க நோக்கும் இன்று உருவப்படக் கலையின் இலக்கணங்களாகப் பயிலப்படுகின்றன.

பதினைந்தாண்டுகளே படமெடுத்தார் ஜூலியா. அதற்குள் அவர் ஆக்கியவை ஆயிரத்தை நெருங்கும். வயதும் வறுமையும் ஏளனமும் இழப்பும் அவரைத் தடுக்கவில்லை. நொடிப்பொழுதில் நூறு படம் எடுக்கும் இக்காலத்தில், ஒரு முகத்துக்காக ஒரு நாள் முழுதும் உழைத்த அந்தக் கறைபடிந்த கைகளை நினைவில் கொள்வது நன்று. நம் வீட்டுச் சுவரில் மங்கிவரும் படத்திலுள்ளவர் யார் என இன்றே மூத்தோரிடம் கேட்டறிந்து, படத்தின் பின்புறம் அவர் பெயரை எழுதிவைப்பது அதனினும் நன்று.